விளக்குக் கம்பத்தின் அடியில் ஒயர் இணைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அபார்ட்மென்ட் வளாகம், கேட் போட்ட லேஅவுட், பள்ளி மைதானம், கல்யாண மண்டபம் மாதிரி இடங்களில் நிற்கும் விளக்குக் கம்பங்களைப் பராமரிப்பதுதான் என் தொழில். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் போன் அடிக்க ஆரம்பிக்கும். சங்கச் செயலாளர், வாட்ச்மேன், புதிதாகத் தொழிலுக்கு வந்த தம்பி என யார் பேசினாலும் சந்தேகம் ஏறக்குறைய ஒன்றுதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். எல்லாமே தமிழ்நாட்டில், 230 வோல்ட் சிங்கிள் பேஸ் அல்லது 400 வோல்ட் த்ரீ பேஸ் சப்ளையில் ஓடும் தனியார் வளாகக் கம்பங்களைப் பற்றியவை.

கம்பத்துக்கு அடியில எதுக்கு ஜாயிண்ட்? ஒரே ஒயரா மேல இழுத்துட்டா ஆகாதா?

மண்ணுக்குள் வரும் கேபிள் ஒரு கம்பத்தோடு நின்றுவிடுவதில்லை. அந்தக் கம்பத்துக்குள் ஏறி, அங்கிருந்து இறங்கி அடுத்த கம்பத்துக்குப் போகிறது. லூப் இன், லூப் அவுட் என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலும் 16 ஸ்கொயர் எம்எம் அலுமினியம் ஆர்மர்டு கேபிளாக (இரும்புக் கம்பிக் கவசம் சுற்றியது) இருக்கும். அந்தத் தடிமனை விளக்கு வரை ஏற்ற முடியாது, ஏற்றவும் தேவையில்லை. மேலே போவது 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் மூன்று கோர் ஒயர். இரண்டும் சந்திக்கும் இடம் கம்பத்தின் அடியில், சின்னக் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஜங்ஷன் பாக்ஸ்.

அதே பெட்டியில் அந்த ஒரு விளக்குக்கு மட்டுமான எம்சிபியும் (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) இருக்க வேண்டும். மேலே ஒரு விளக்கு கெட்டால் அது மட்டும் விழும், மற்ற கம்பங்கள் எரியும். ஆகவே ஜாயிண்ட் தவிர்க்க முடியாதது. ஆனால் அது கதவைத் திறந்தால் கைக்கு எட்டும் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்க வேண்டும். கம்பத்தின் குழாய்க்குள் நடுவழியில் ஒரு ஜாயிண்ட் தொங்கினால், அது கெடும்வரை யார் கண்ணிலும் படாது.

எங்க வாட்ச்மேனுக்குக் கொஞ்சம் ஒயரிங் தெரியும். அவரை வச்சே செஞ்சிக்கலாமா?

வேண்டாம். மின் ஒப்பந்ததாரர் உரிமம் உள்ளவர், தகுதிச் சான்றிதழ் வைத்திருப்பவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டிய வேலை இது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறை அப்படித்தான் சொல்கிறது. தமிழ்நாட்டில் அந்த உரிமத்தையும் சான்றிதழையும் மின் உரிமம் வழங்கும் வாரியம் தருகிறது. வேலைக்கு வருபவரிடம் அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், அதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

வேலை முடிந்ததும் கதவை மூடுவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியையும் போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். கீழே உள்ள பதில்களைப் படித்துவிட்டு அந்தப் போட்டோவைப் பார்த்தாலே வேலை எப்படி நடந்திருக்கிறது என்று பாதி புரிந்துவிடும்.

எங்க வாசலுக்கு வெளியில நிக்கிற கார்ப்பரேஷன் கம்பம்?

தொடாதீர்கள், கதவு திறந்து கிடந்தால் மூடக்கூடப் போகாதீர்கள். சென்னை மாநகராட்சிக்கு 1913, மின்வாரியக் கம்பி என்றால் மின்னகம் 94987 94987. சரிசெய்யும் வரை அந்தப் பக்கம் பிள்ளைகளையும் மாட்டையும் விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பகல்ல லைட் எரியல. அப்ப அதுல கரண்ட் இல்லைன்னுதானே அர்த்தம்?

இல்லை. இந்த ஒரு நினைப்புதான் எனக்கு அதிகம் பயம் தருகிறது. விளக்கை அணைத்து வைத்திருப்பது டைமர் அல்லது வெளிச்சம் பார்க்கும் சென்சார். மேகம் கறுத்தால் சென்சார் மதியம் மூன்று மணிக்கே லைனை ஆன் செய்யும். டைமரின் கான்டாக்டர் (லைனை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டிருந்தால், அல்லது சென்சார் ஒவ்வொரு விளக்கின் தலையிலும் தனித்தனியாக இருந்தால், அடிப்பெட்டியில் நாள் முழுவதும் 230 வோல்ட் இருக்கும்.

மெயின் பேனலில் அந்த லைனுக்கான எம்சிபியை இறக்கி, பூட்டுப் போட்டு, 'ஆள் வேலையில் இருக்கிறார்' என்று அட்டை தொங்கவிட்டு, சாவியைப் பெட்டியைத் திறப்பவர் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜெனரேட்டர் இருக்கும் வளாகத்தில் அந்தப் பக்கமும் துண்டிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈபி போனதும் தானாக ஓடும் ஜெனரேட்டர், ஆள் வேலையில் இருப்பதை அறியாது.

அப்புறம் பெட்டியில் சோதனை. பேஸுக்கும் நியூட்ரலுக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். த்ரீ பேஸ் என்றால் மூன்று பேஸையும், பேஸுக்குப் பேஸும் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு முன்பும் பின்பும் கரண்ட் இருப்பது தெரிந்த ஓர் இடத்தில் அதே மீட்டரை வைத்து, மீட்டர் சரியாகக் காட்டுகிறது என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

சட்டைப்பையில வச்சிருக்கிற டெஸ்டர் போதாதா?

போதாது. அதற்குள் இருக்கும் நியான் விளக்கு உங்கள் உடம்பு வழியாகத்தான் எரிகிறது. ரப்பர் செருப்பு, வெயில் வெளிச்சம், ஸ்டூல் இவை எல்லாம் சேர்ந்தால் கரண்ட் இருந்தும் எரியாதது போலத் தெரியும். கரண்ட் இல்லாத ஒயரில், பக்கத்து ஒயரின் தாக்கத்தால் மங்கலாக எரியவும் செய்யும். டெஸ்டர் எரிந்தால் கையை எடுங்கள். எரியவில்லை என்பதை நம்பிக் கையை வைக்காதீர்கள்.

முறுக்கி டேப் சுத்துறதுல என்ன கெடுதல்? பல வருஷமா அப்படித்தானே ஓடுது?

சித்திரை வெயிலில் இரும்புக் கம்பம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அந்தச் சூட்டில் சில கோடைகளைத் தாண்டிய ஒரு டேப் ஜாயிண்டைத் திறந்து பாருங்கள். பசை உருகிக் கறுப்புக் கோந்தாக வழிந்திருக்கும். டேப்பின் நுனி தானாகப் பிரிந்து தொங்கும். உள்ளே காப்பர் இழைகளின் மேல் பச்சைப் பொடி, முறுக்கின் இடுக்கில் எறும்பு கொண்டுவந்த மண். பிரிந்த நுனி கம்பத்தின் உள் சுவரில் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால், வெளியே தெரியும் அந்தக் கம்பம் முழுவதும் பேஸ்தான்.

ஒரு நல்ல ஜாயிண்டுக்கு மூன்று வேலை உண்டு. ஒயரை இறுகப் பிடிக்க வேண்டும், கரண்ட் வெளியே வராமல் மூட வேண்டும், ஈரத்தைத் தடுக்க வேண்டும். கையால் முறுக்கினால் பிடிமானம் தளரும், தளர்ந்த இடம் சூடாகும், சூடானால் டேப் இன்னும் வேகமாகப் பிரியும். பல வருடம் ஓடியது என்றால், அவ்வளவு காலம் ஈரக் கையோடு யாரும் அந்தக் கம்பத்தைத் தொடவில்லை என்பதாகக்கூட இருக்கலாம்.

அப்ப என்னதான் போடணும்?

தடிமனான கேபிளுக்கு அளவுக்கேற்ற லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை), அதற்குரிய கிரிம்பிங் டூலால் அழுத்தியது. கட்டிங் பிளேயரால் நசுக்கியதும் சுத்தியலால் தட்டியதும் கிரிம்பிங் ஆகாது. அந்த லக்கை ஹைலம் ஷீட்டில் (கரண்ட் கடத்தாத கெட்டித் தகடு) பொருத்திய ஸ்டட் டெர்மினலில் (நட்டு முடுக்கும் போல்ட்) வாஷரோடு முடுக்க வேண்டும். ஒரே ஸ்டட்டில் வரும் கேபிள், போகும் கேபிள், எம்சிபிக்கு ஏறும் ஒயர் மூன்றுக்கும் ஒழுங்காக இடம் இருக்க வேண்டும்.

மேலே ஏறும் மெல்லிய ஒயரின் இழைகளை அப்படியே ஸ்க்ரூவுக்குள் திணிக்காமல் பின் லக் போட்டு அழுத்துங்கள். சிலர் நுனியில் ஈயம் பற்ற வைத்து முடுக்குகிறார்கள். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல நசுங்கிப் பிடி தளர்ந்துவிடும், அதனால் அதைச் செய்யாதீர்கள். லீவர் வைத்த புது வகைக் கனெக்டர்கள் மெல்லிய காப்பர் ஒயருக்கு நன்றாகவே பிடிக்கின்றன, ஆனால் தண்ணீர் தாங்குவதற்கென்று செய்தவை அல்ல. நல்ல பெட்டிக்குள்ளோ ஜெல் நிரப்பிய உறைக்குள்ளோதான் இருக்க வேண்டும். வீட்டுக்குள் பேன் மாட்டப் பயன்படும் வெள்ளை பிளாஸ்டிக் ஸ்ட்ரிப் கனெக்டர் வெளிக்கம்பத்துக்கு வேண்டவே வேண்டாம்.

அலுமினியம் கேபிளையும் காப்பர் ஒயரையும் சேர்த்து முறுக்கலாமா?

கூடாது. ஈரம் பட்டால் இந்த இரண்டு உலோகங்களும் சேரும் இடத்தில் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். அதோடு, அலுமினியத்தைச் சீவியவுடனே அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உருவாகும், அது கரண்டைத் தடுக்கும். அழுத்தத்தில் அலுமினியம் மெதுவாக இளகி நகரும் குணமும் உண்டு. அலுமினியத்தின் மேல் ஆக்சைடு தடுப்புப் பேஸ்ட் தடவி, பைமெட்டாலிக் லக் (அலுமினியமும் காப்பரும் சேர்த்துச் செய்தது) போட்டு அழுத்தி, முந்தின பதிலில் சொன்ன ஸ்டட்டில் முடுக்குவதுதான் வழி. சில வாரம் கழித்து ஒருமுறை லைனை ஆஃப் செய்து அந்த நட்டுகளை மறுபடி சோதித்துவிடுவது நல்லது.

பெட்டியில ஐபி 65ன்னு போட்டிருக்கு. அப்ப தண்ணி போகாதுல்ல?

முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 5 என்றால் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். முழுகினால் தாங்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஐபி 67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வரை. அதுவும் தொழிற்சாலையை விட்டு வந்தபோது உள்ள நிலைமைதான். பெட்டியின் தலையில் ட்ரில் போட்டுக் கிளாண்டு (ஒயரைச் சுற்றி இறுக்கி மூடும் பிடி) இல்லாமல் ஒயரை நுழைத்த நிமிடமே அந்த எண்ணுக்கு மதிப்பு போய்விட்டது. ஒயர் எல்லாம் கீழ்ப்பக்கமாக, சரியான அளவு கிளாண்டு வழியாக நுழைய வேண்டும். பயன்படாத ஓட்டைகளுக்கு மூடி போட்டிருக்க வேண்டும்.

சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இடுப்பளவு தண்ணீர் நின்ற தெருக்கள் உண்டு. அந்த மாதிரித் தாழ்வான வளாகத்தில் அடிப்பெட்டியை எவ்வளவு நன்றாக மூடினாலும் நான் நம்ப மாட்டேன். எம்சிபியும் டெர்மினலும் உள்ள பெட்டியை, தண்ணீர் ஏறிய கோட்டுக்கு மேலே கம்பத்தின் வெளிப்பக்கம் மாட்டிவிடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் அதுதான் சரி.

கம்பத்துக்கு அடியில இருந்த ஓட்டையை எம்-சீல் வச்சு அடைச்சிட்டோம். நல்லதுதானே?

எந்த ஓட்டை என்பதைப் பொறுத்தது. கேபிள் வரும் பைப்பின் வாயை அடைத்தது நல்லது, எலியும் ஈரக்காற்றும் அந்த வழியாகத்தான் வரும். ஆனால் கம்பத்தின் அடித்தட்டில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் இடைவெளியை அடைத்திருந்தால் உடனே திறந்துவிடுங்கள். உள்ளே வெற்றாக இருக்கும் இரும்புக் கம்பத்தில் ராத்திரி குளிரும்போது உள்சுவர் வியர்க்கும். மேலிருந்து கசியும் மழையும் சேர்ந்துகொள்ளும். வடிய வழி இல்லை என்றால் தண்ணீர் பெட்டியின் மட்டம் வரை ஏறி நிற்கும்.

எறும்பும் பல்லியும் உள்ள போயிடுது. மருந்து அடிக்கலாமா?

டெர்மினல் மேல் எதையும் அடிக்காதீர்கள். கதவின் ரப்பர் பீடிங்கை மாற்றி, முன்பு சொன்ன கிளாண்டுகளைச் சரிசெய்தால் அவை வருவது நின்றுவிடும். கம்பத்தைச் சுற்றி வெளியே மண்ணில் மருந்து போடுவதில் தப்பில்லை. கதவைத் திறப்பவர் முதலில் குச்சியால் தட்டிவிட்டுத் திறக்கட்டும், பாம்பும் குளவியும் அங்கே இருப்பது புதிதல்ல.

கம்பத்தைத் தொட்டா சுர்ருங்குது. ஆனா எம்சிபி விழல. எர்த் ராடுகூட இருக்கே, ஏன்?

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், எல்லாக் கேள்வியிலும் முக்கியமானது இதுதான். கம்பத்தின் எர்த் ராடுக்கு மண்ணோடு 20 ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த்துக்கு 2 ஓம். லூப் கேபிளின் பேஸ் கம்பத்தில் படுகிறது. கரண்ட் கம்பத்தில் இருந்து மண்ணில் இறங்கி, மண் வழியாகவே டிரான்ஸ்பார்மருக்குத் திரும்ப வேண்டும். 230ஐ 22ஆல் வகுத்தால் சுமார் 10.5 ஆம்பியர். லைனுக்குப் போட்டிருப்பது 16 ஆம்பியர் எம்சிபி என்றால், அதைப் பொறுத்தவரை இது ஏதோ லோடு ஓடுகிறது என்பது போலத்தான். அது விழவே விழாது.

அந்த நேரம் முழுவதும் கம்பத்தின் உடம்பில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ராத்திரி 10 மணி நேரம் அப்படி ஓடினால் சுமார் 24 யூனிட் மண்ணுக்குள் போகிறது. பொது விளக்கு பில் காரணமில்லாமல் ஏறினால் இதையும் சந்தேகப்படுங்கள். மழையில் மாடு கம்பத்துக்குப் பக்கத்தில் விழுந்து சாவதும் இதனால்தான். கம்பத்தைத் தொடக்கூட வேண்டாம். அதைச் சுற்றியுள்ள ஈர மண்ணில் அடிக்கு அடி வோல்ட்டேஜ் மாறும், முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் உள்ள தூரமே மாட்டுக்கு எமனாகிவிடுகிறது.

ஆகவே ராடு மட்டும் காப்பாற்றாது. ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் வேண்டும். அது போகிற கரண்டையும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டையும் ஒப்பிடுகிறது. 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். மேலே சொன்ன 10.5 ஆம்பியர் அதற்கு முன்னூறு மடங்குக்கும் மேல்.

அப்ப எர்த்தே வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். எர்த் இருந்தால்தான், லீக் ஆன அந்த நொடியிலேயே கரண்ட் மண்ணுக்குப் போய் ஆர்சிசிபி விழும். இல்லாவிட்டால் யாராவது தொட்டு, அவர் உடம்பு வழியாகப் போன பிறகுதான் விழும். கேபிளோடு சேர்த்து ஒரு தனி எர்த் கம்பியை, வழக்கமாக 8 எஸ்டபிள்யூஜி ஜிஐ கம்பியை, எல்லாக் கம்பங்களையும் இணைத்து மெயின் பேனல் வரை கொண்டுவாருங்கள். கம்பத்தின் உடம்பு, கதவு, விளக்கின் கூடு, கேபிள் ஆர்மர் நான்கும் அதில் சேர வேண்டும். ஆர்மரை மட்டும் நம்பாதீர்கள், கிளாண்டு இருக்கும் இடத்தில் அது துருப்பிடித்து அறுந்துவிடும்.

வளாகத்துக்குள் சொந்த டிரான்ஸ்பார்மர் இருந்து, அதன் நியூட்ரலோடு இந்த எர்த் கம்பி உலோக வழியாகவே சேர்ந்தால் எம்சிபியும் விழும். தெரு எல்டி லைனில் (230/400 வோல்ட் லைன்) இருந்து சர்வீஸ் வாங்கும் இடங்களில் கரண்ட் கடைசியில் மண் வழியாகத்தான் திரும்ப வேண்டும். அங்கே ஆர்சிசிபியை விட்டால் வேறு வழி இல்லை. நியூட்ரலையும் கம்பத்தின் உடம்பையும் அடிப்பெட்டியிலேயே இணைத்துவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. லைனில் எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் அந்தக் கம்பம் அப்படியே கரண்டாகிவிடும், அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

ஆர்சிசிபி போட்டோம், மழை பெஞ்சாலே விழுது. அதனால எடுத்துட்டோம்.

திரும்ப மாட்டுங்கள், இன்றைக்கே. மழையில் விழுகிறது என்றால் ஏதோ ஒரு பெட்டியில் ஈரம் புகுந்து லீக் ஆகிறது என்று அது சொல்கிறது. பாதிக் கம்பங்களைத் துண்டித்து எந்தப் பாதியில் விழுகிறது என்று பார்த்து, அதையும் பாதியாக்கிக்கொண்டே போனால் குற்றவாளிக் கம்பம் கிடைத்துவிடும்.

மழை இல்லாதபோதும் விழுந்தால் கதை வேறு. எல்இடி டிரைவர் (விளக்குக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கும் சர்க்யூட்) ஒவ்வொன்றும் இயல்பாகவே கொஞ்சம் கரண்டை எர்த்துக்கு விடும். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி 15க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம். ஒரே ஆர்சிசிபியில் நிறைய விளக்குகள் இருந்தால் இந்தச் சின்னக் கசிவுகள் கூடிவிடும். லைனை இரண்டு மூன்றாகப் பிரித்துத் தனித்தனி ஆர்சிசிபி போடுங்கள்.

ஒரே ராத்திரியில வரிசையா நாலஞ்சு லைட் புகைஞ்சு போச்சு. மட்டமான லைட்டா?

விளக்கைத் திட்டுவதற்கு முன் நியூட்ரல் ஜாயிண்டைப் பாருங்கள். த்ரீ பேஸ் லைனில் கம்பங்களை ஆர், ஒய், பி என்று மாற்றி மாற்றிக் கொடுத்திருப்பார்கள், நியூட்ரல் எல்லாவற்றுக்கும் பொது. ஒரு கம்பத்தின் பெட்டியில் நியூட்ரல் லக் கழன்றால், அதற்கு அப்புறம் உள்ள விளக்குகள் இரண்டு பேஸ்களுக்கு நடுவில் சீரியலாக மாட்டிக்கொள்ளும். 400 வோல்ட் அவற்றுக்குள் சமமில்லாமல் பங்காகும். லோடு குறைந்த பக்கத்துக்கு 300க்கு மேலும் போகலாம், டிரைவர்கள் வெடிக்கும்.

புகைந்தவற்றுள் பேனலுக்கு மிக அருகில் உள்ள கம்பத்தையும் அதற்கு முந்தின கம்பத்தையும் திறந்து பாருங்கள். கறுத்த ஸ்டட் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். புது விளக்கு மாட்டும் முன் அதைச் சரிசெய்யாவிட்டால் புதிதும் போகும். நியூட்ரலில் தனியாக பியூஸ் போடவே கூடாது என்பதும் இதனால்தான்.

ஆஃப் பண்ணினாலும் லைட் லேசா மினுக்குது, ஷாக்கா?

பெரும்பாலும் இல்லை. பக்கத்துக் கோரில் ஓடும் கரண்டின் தாக்கம், அல்லது டைமர் பேஸுக்குப் பதில் நியூட்ரலைத் துண்டிக்கிறது. இரண்டாவது என்றால் உடனே மாற்ற வேண்டும், அணைந்த விளக்கிலும் பேஸ் நிற்கும்.

வேலை முடிஞ்சதும் என்ன டெஸ்ட் பண்ணச் சொல்லணும்?

500 வோல்ட் மெக்கர் (ஒயரின் காப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அளக்கும் கருவி). முதலில் எல்லாக் கம்பத்து எம்சிபிகளையும் இறக்கி, விளக்கு ஒயர்களின் நியூட்ரலையும் கழற்றிவிட வேண்டும். டிரைவரும் சர்ஜ் புரொடெக்டரும் (திடீர் வோல்ட்டேஜ் ஏற்றத்தைத் தடுக்கும் கருவி) லைனில் இருந்தால் அளவு தப்பாக வரும், அவையும் கெடலாம். கோருக்குக் கோரும், கோருக்கு எர்த்தும் குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். புது வேலை என்றால் அதைவிடப் பல மடங்கு வரும். 2, 3 மெகாஓம் என்று நின்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், எங்கோ ஈரம் இருக்கிறது. பிறகு சப்ளை கொடுத்து ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். அந்தப் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துவது வாட்ச்மேனே செய்யலாம்.

ஜேசிபி கேபிளை அறுத்துடுச்சு. அந்தக் குழியிலயே ஜாயிண்ட் போட்டு மூடிட்டா?

டேப் ஜாயிண்ட் என்றால் கண்டிப்பாகக் கூடாது. அடுத்த கம்பம் பக்கத்தில்தான் என்றால் அந்த இரண்டு கம்பங்களுக்கு இடையே முழுக் கேபிளையும் மாற்றிவிடுவதே என் விருப்பம். முடியாது என்றால் ரெசின் ஊற்றும் ஸ்ட்ரெயிட் ஜாயிண்ட் கிட் வாங்கி, ஆர்மரையும் இரு பக்கமும் இணைத்துச் செய்ய வேண்டும். கேபிள் 75 செ.மீ. ஆழத்தில், மேலே மணலும் செங்கல்லும் எச்சரிக்கை டேப்பும் போட்டு இருந்தால் ஜேசிபிக்காரருக்கு முதலிலேயே தெரிந்திருக்கும்.

மழையில கம்பத்தைப் பிடிச்சு ஒருத்தர் மாட்டிக்கிட்டா?

ஓடிப்போய்ப் பிடித்து இழுக்காதீர்கள், ஈர மண்ணில் நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். முதலில் மெயினை இறக்குங்கள். அதனால்தான் தெருவிளக்கு மெயின் எங்கே இருக்கிறது என்று வாட்ச்மேன் மட்டுமல்ல, வளாகத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கரண்ட் நின்ற பிறகு மூச்சும் நாடியும் இல்லை என்றால் 108ஐ அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள். எழுந்து நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் இசிஜி பார்த்துவிடுங்கள்.

ஆடித் திருவிழாவுக்கு சீரியல் செட், அப்புறம் ஒரு சிசிடிவி கேமரா. கம்பத்து பெட்டியில இருந்து லைன் எடுத்துக்கட்டுமா?

சீரியல் செட்டுக்கு எடுக்காதீர்கள். கதவு பத்து நாள் திறந்தே கிடக்கும், பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில். திருவிழாவுக்குப் பேனலில் இருந்தே ஆர்சிசிபியோடு தனி லைன் இழுங்கள். கேமரா நிரந்தரம் என்பதால் அதற்கு அதே பெட்டிக்குள் தனி எம்சிபியும் தனிக் கிளாண்டும் வேண்டும். தெருவிளக்கு லைன் பகலில் டைமரால் நின்றுவிடும், ஆகவே கேமராவுக்கு டைமருக்கு முன்னால் இருந்து தனி கோர் தேவைப்படும். அப்படிக் கொடுத்தால், விளக்கு லைனை ஆஃப் செய்த பிறகும் அந்தப் பெட்டியில் கரண்ட் இருக்கும். கதவின் உள்பக்கம் 'இரண்டு சப்ளை உள்ளது' என்று அழியாத பெயிண்டில் எழுதிவையுங்கள்.